தகட்டில் தமிழ் எழுதினால் புள்ளி விழும்: பிளாஸ்மா கட்டிங்கில் பெயர்ப்பலகை செய்வது எப்படி

ஏற்காட்டில் ஒரு வீட்டுக்கு முதன்முதலாகத் தமிழ்ப் பெயர்ப்பலகை வெட்டியபோது நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வீட்டின் பெயர் 'தென்றல் இல்லம்'. 3 எம்.எம். தகட்டில், எழுத்துகள் எல்லாம் அடியில் ஒரு பட்டையோடு சேர்ந்து ஒரே துண்டாக வர வேண்டும். கம்ப்யூட்டரில் டைப் அடித்தேன், அடியில் பட்டையை வரைந்து ஒட்டினேன், மெஷினுக்கு அனுப்பினேன். வெட்டி முடிந்து, ஆறவைத்துத் தூக்கிப் பார்த்தால் 'தெனறல இலலம' என்று நிற்கிறது. நாலு புள்ளியும் டேபிளுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டிக்குள். பலகையை வாங்க மகனோடு மலையிறங்கி வந்திருந்த அந்த வீட்டுப் பாட்டி உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இது எந்த ஊர் பாஷை?" என்றார்.

மெஷின் மேல் குற்றமே இல்லை. புள்ளி எழுத்தைத் தொடுவதில்லை, தொடாதது நிற்காது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஓலையில் எழுதியவர்களும் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று. அதே சங்கடம் இப்போது இரும்பில். ஆகவே இந்த வேலையில் பாதி, டார்ச் பற்றவைப்பதற்கு முன்னாலேயே படத்தில் முடிந்துவிடுகிறது. நீங்களே மெஷின் வைத்திருந்தாலும் சரி, பட்டறையில் கொடுத்து வெட்டி வாங்கினாலும் சரி, படத்தைப் பற்றித் தெரிந்துகொண்டால் பணமும் தகடும் மிச்சம்.

முதலில் உங்களுக்குப் பிளாஸ்மா தேவையா என்று பாருங்கள். அழுத்தமான காற்று ஒரு சின்னச் செம்பு நாசில் வழியாக வரும்போது, அதில் மின்சாரம் பாய்ந்து, காற்றே 20,000 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பிளாஸ்மாவாக மாறுகிறது. அது இரும்பை உருக்க, பின்னாலேயே வரும் காற்று உருகியதை ஊதித் தள்ளிவிடுகிறது. கம்ப்யூட்டர் அந்த டார்ச்சைக் கோட்டின் மேல் இழுத்துக்கொண்டு போகிறது. கேஸ் கட்டிங்கில் எஸ்.எஸ். (எவர்சில்வர்), அலுமினியம் எல்லாம் வெட்டவராது. பிளாஸ்மாவில் மின்சாரம் கடத்தும் எந்த உலோகமும் வெட்டுப்படும். ஆனால் வெட்டும் கோடே சுமார் ஒன்றரை எம்.எம். அகலம். விரல் நீளத்துக்குள் மயில் தோகை, கையெழுத்து, சாமி படம் என்று நுணுக்கமாக வேண்டுமென்றால் லேசர் கட்டிங்குக்குப் போய்விடுங்கள். அதைப் பிளாஸ்மாவில் செய்து தருகிறேன் என்று சொல்பவரிடம் பழைய வேலை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். எஸ்டேட் கேட் பலகை, கடை போர்டு, வீட்டுப் பெயர், கிரில், மோட்டார் பேஸ் பிளேட், இதெல்லாம் பிளாஸ்மாவுக்கு ஏற்ற வேலை.

தகடு. சேலத்துக்காரர்கள் இரும்பாலை பெயரைச் சொல்லி, எங்கள் ஊரில் கிடைக்காத தகடா என்பார்கள். 1981-இல் ஓடத் தொடங்கிய அந்த ஆலை பெயரில்தான் இரும்பு. பேர்போனது எவர்சில்வர் தகட்டுக்கு. பெயர்ப்பலகைக்கு எல்லோரும் வாங்குவது எம்.எஸ்., அதாவது சாதாரண மைல்டு ஸ்டீல்தான். 2 எம்.எம்.முக்குக் கீழே போனால் சூட்டில் தகடு அப்பளம் போல வளையும், 5-க்கு மேலே போனால் சுவர் அழும். 3 எம்.எம். நடுநிலை. கடையில் கேஜ் கணக்கு சொன்னால் தலையாட்டாமல் எம்.எம்.மில் கேளுங்கள், முடிந்தால் வெர்னியர் வைத்துப் பாருங்கள். எடை கணக்கு சுலபம்: எம்.எம். கனத்தைச் சதுர மீட்டரால் பெருக்கி 7.85-ஆல் பெருக்கினால் கிலோ. எட்டுக்கு நாலு ஷீட், 3 எம்.எம்., கிட்டத்தட்ட 70 கிலோ வரும். பில்லில் எண்பது போட்டிருந்தால் சிரித்துக்கொண்டே கேள்வி கேட்கலாம். பழைய ஜி.ஐ. தகடு வீட்டில் கிடக்கிறது, அதில் வெட்டித் தாருங்கள் என்று கொண்டுவருவார்கள். வேண்டாம். மேலே இருக்கும் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதை மூச்சில் இழுத்தவருக்கு ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும்.

சரி, படத்துக்கு வருவோம். தமிழ்ப் பலகையை மூன்று விதமாக வெட்டலாம்.

ஒன்று, எழுத்தே தகடாக நிற்பது, பாட்டி வீட்டுப் பலகை போல. இதில் புள்ளி விழும். 'இ' மாதிரி உயிரெழுத்து, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக நிற்பதால் அவையும் விழும். இந்தி எழுத்துக்கு மேலே ஒரு கோடு எல்லாவற்றையும் கோத்துப் பிடித்திருக்கிறது, நமக்கு அந்த வசதி இல்லை. அடியில் ஒரு பட்டையோ, எழுத்துகளைச் சுற்றி ஒரு சட்டமோ நாம்தான் கொடுக்க வேண்டும். புள்ளிக்கு நான் இப்போது செய்வது, புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்தின் தலையோடு 4 எம்.எம். அகலக் காம்பு ஒன்றால் இணைத்துவிடுவது. பார்க்க கொத்தமல்லி விதை முளைத்த மாதிரி இருக்கும், பத்தடி தள்ளி நின்றால் காம்பு தெரியாது. காம்பே பிடிக்காது என்பவர்களுக்குப் புள்ளியை இறக்கி எழுத்தின் மேல் அமர்த்திவிடுவேன். ஆனால் அரைவாசிக்கு மேல் முங்கினால் புள்ளி ஒரு வீக்கமாகத்தான் தெரியும்.

இரண்டாவது, தகடு நிற்க எழுத்து ஓட்டையாக இருப்பது. பின்னால் வேறு நிறத் தகடோ எல்.இ.டி. விளக்கோ வைப்பதற்கு இதுதான் அழகு. இங்கே புள்ளிக்குப் பிரச்சினையே இல்லை, அது வெறும் ஓட்டை. விழுவது சுழி. க, த, ம, வ, ன, ண, கொம்பு, ஐகாரத்தின் இரட்டைக் கொம்பு என்று எங்கெல்லாம் சுழி மூடுகிறதோ அங்கெல்லாம் நடுத் துண்டு கழன்று, எழுத்து ஒரு பெரிய பொத்தலாகிவிடும். அந்த நடுத் துண்டைத் தாங்க ஒரு பாலம் விட வேண்டும், 3 எம்.எம். தகட்டுக்குப் பாலம் குறைந்தது 3, என் கணக்கில் 4. எங்கே விடுகிறீர்கள் என்பதில்தான் கைவண்ணம். ம-வின் வலப்பக்கச் சுழியில் பாலம் தப்பான இடத்தில் விழுந்தால் ம என்பது ப-வும் ஏதோ ஒரு குச்சியுமாகத் தெரியும். சுழிக்கு மேலிருந்தோ கீழிருந்தோ நேர்செங்குத்தாக ஒரே பாலம், எல்லா எழுத்திலும் ஒரே திசையில் விட்டால் கண் அதைப் பழகிக்கொண்டு மறந்துவிடும். எழுத்துக்கு எழுத்து மாற்றி மாற்றி விட்டால் உடைந்த மாதிரி இருக்கும்.

மூன்றாவது, எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி, பின்புறம் போல்ட் வெல்டு வைத்து, ஒரு அடித்தகட்டில் மாட்டுவது. செலவு அதிகம், வேலை அதிகம், ஆனால் புள்ளியும் சுழியும் இயல்பாகவே இருக்கும்.

எந்த விதமானாலும் எழுத்துருவைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு இடத்தில் தடித்து ஒரு இடத்தில் மெலியும் எழுத்துரு, கல்யாணப் பத்திரிகைக்கு நன்றாக இருக்கும், தகட்டில் மெலிந்த இடம் சூட்டிலேயே முறுக்கிக்கொள்ளும். ஒரே தடிமனாக ஓடும் எழுத்துரு வேண்டும். இலவசமாகக் கிடைப்பவற்றில் 'பலூ தம்பி' கொழுகொழுவென்று இருக்கும், எனக்கு அதுதான் கைவாகு. 'கட்டமரன்' ஒன்பது கனத்தில் வருகிறது, அதன் தடித்த வகைகளும் சரிப்படும். கோட்டின் அகலம் 6 எம்.எம்.முக்குக் குறையக் கூடாது, இரண்டு கோட்டுக்கு நடுவே இடைவெளி 3-க்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பார்த்தால் ஓட்டை எழுத்துப் பலகையில் எழுத்தின் உயரம் 75 எம்.எம்.மாவது வந்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே 'ண்ணை' என்று ஒன்று வந்தால் அது எழுத்தல்ல, சல்லடை.

டைப் அடித்ததை அப்படியே அனுப்பாதீர்கள். பட்டறையில் உங்கள் எழுத்துரு இருக்காது, அங்கே திறந்தால் கட்டம் கட்டமாக வரும். பழைய கோரல் டிராவாக இருந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அதை யாரும் கவனிக்காமல் வெட்டியும் விடுவார்கள். எழுத்தைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடங்களை ஒன்றாக்குங்கள் (கோரலில் அந்தக் கட்டளைக்குப் பெயரே வெல்ட்தான், இரும்பு வேலைக்குப் பொருத்தம்). இல்லையென்றால் காம்பு சேரும் இடத்தில் குறுக்கே ஒரு வெட்டு விழுந்து, காம்பு வைத்தும் புள்ளி தொட்டிக்குள் போகும். எனக்கு நடந்திருக்கிறது. கோரல் இல்லாதவர்கள் இன்க்ஸ்கேப்பில் இதெல்லாம் காசில்லாமல் செய்யலாம். கடைசியில் டி.எக்ஸ்.எஃப். கோப்பாக, எம்.எம். அளவில் சேமித்து, வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். மொத்த அகலம் இத்தனை எம்.எம். என்று எழுதியும் அனுப்புங்கள். இன்ச் கோப்பை எம்.எம்.மாகத் திறந்து, கேட் பலகை தீப்பெட்டி சைசில் வந்த கதைகள் உண்டு.

போட்டோவிலிருந்து தானாக வரைய வைக்கிறேன் என்று ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அதில் ஒரு சுழிக்கு எட்டு நோடு (கோட்டின் வளைவைப் பிடிக்கும் புள்ளி) போதுமான இடத்தில் இருநூறு விழும். மெஷின் ஒவ்வொரு நோடிலும் ஒரு நொடியில் ஒரு துளி தயங்கும், தயங்கிய இடமெல்லாம் ஓரத்தில் பல் பல்லாக நிற்கும். தமிழ் எழுத்து முழுக்க வளைவு என்பதால் இது நம்மை ரொம்பவே அடிக்கும். நோடுகளைக் குறைத்து வளைவைக் கையால் சீர்செய்யுங்கள், ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

வெட்டுவதற்கு முன் கடைசிச் சோதனை: படத்தைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, நிற்கும் பகுதிக்குக் கறுப்பு அடித்து, அந்தப் பெயர் தெரியாத ஒருவரிடம் பத்தடி தள்ளி நின்று படிக்கச் சொல்லுங்கள். டீ கொண்டுவரும் பையன் தடுமாறினால் படத்தைத் திருத்துங்கள். கேட் பலகை என்றால் இன்னும் பெரிதாக்குங்கள். ஏற்காட்டில் பனி இறங்கும் சாயங்காலத்தில், இருபது ஊசிவளைவு ஏறிக் களைத்து வந்தவர் காருக்குள் இருந்தபடியே படிக்க வேண்டும்.

இனி மெஷின் ஓட்டுபவர்களுக்கு. மற்றவர்கள் இதைத் தாண்டிப் பெயிண்டுக்குப் போகலாம், ஆனால் தெரிந்திருந்தால் பட்டறையில் நின்று கேள்வி கேட்க உதவும். வெட்டுக்கோடு ஒன்றரை எம்.எம். என்றால் டார்ச் கோட்டிலிருந்து முக்கால் எம்.எம். விலகி ஓட வேண்டும், சீட்கேம் மாதிரி மென்பொருளில் அந்த அகலத்தைக் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். தகட்டைத் துளைக்கும் இடம் அசிங்கமாகத்தான் இருக்கும், ஆகவே துளைப்பது எப்போதும் கழிவுப் பக்கத்தில்: ஓட்டை எழுத்தில் எழுத்துக்குள்ளே, வெளிக்கோட்டில் பலகைக்கு வெளியே, அங்கிருந்து ஒரு சின்ன வளைவாகக் கோட்டுக்குள் நுழைய வேண்டும். நாசிலில் காற்று சுழன்று வருவதால் டார்ச் போகும் திசைக்கு வலப்பக்கம்தான் ஓரம் நேராக நிற்கும், இடப்பக்கம் சரியும். அதனால் வெளிக்கோட்டைக் கடிகாரச் சுற்றிலும், உள் ஓட்டைகளை எதிர்ச்சுற்றிலும் வெட்டுகிறோம். உள்ளே இருப்பதெல்லாம் முதலில், வெளிக்கோடு கடைசியில். பக்கத்துப் பக்கத்து எழுத்தை வரிசையாக வெட்டாமல் முதல் எழுத்து, ஏழாவது, மூன்றாவது என்று தாவித் தாவி வெட்டினால் சூடு ஒரே இடத்தில் தேங்காது, தகடு வளையாது.

டார்ச் உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் கருவி இருக்கிறதே, அது வோல்டேஜைப் பார்த்துத்தான் உயரத்தைக் கணிக்கிறது. சின்னச் சுழிகளில் மெஷின் வேகம் குறையும்போது வோல்டேஜ் ஏறும், டார்ச் மேலே போய்விட்டது என்று நினைத்து அது டார்ச்சைக் கீழே இறக்கும், நாசில் தகட்டில் இடிக்கும். சுழிகளில் அதை அணைத்துவிடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில போர்டு மட்டும் வெட்டிப் பழகியவர்கள் தமிழுக்கு வந்ததும் நாசில் நாசிலாகத் தீர்ப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

இன்னொரு எதிரி தண்ணீர். ஐப்பசி மழையில் கம்ப்ரஸர் டேங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்தால் பழுப்பாகத் தண்ணீர் கொட்டும். அந்த ஈரம் டார்ச்சுக்குப் போனால் எலக்ட்ரோடு முனை குழிந்துவிடும், வெட்டு கோணலாகும். தினமும் காலையில் வடித்துவிடுங்கள், காற்று வரும் வழியில் ஈரம் பிரிக்கும் ஃபில்டர் போடுங்கள். எர்த் கிளாம்பைத் துரு ஏறிய டேபிளில் மாட்டாமல் தகட்டிலேயே மாட்டுங்கள். அலுமினியம் வெட்டும் நாளில் தண்ணீர்த் தொட்டியை அப்படியே வைத்து வெட்டாதீர்கள்: அலுமினியத் துகள் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் கிளப்பும், தகட்டுக்கு அடியில் சேர்ந்து வெடித்த சம்பவங்கள் உண்டு. கண்ணுக்கு 8-ஆம் எண் கண்ணாடி, வேடிக்கை பார்க்க வருபவருக்கும் சேர்த்து.

ஒழுங்காக வெட்டினோமா என்பதை அடிப்பக்கத்தைத் தடவித் தெரிந்துகொள்ளலாம், ஆறிய பிறகு. கட்டி கட்டியாகக் கசடு ஒட்டி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் உதிர்ந்தால் மெதுவாக வெட்டியிருக்கிறோம். மெல்லிய மணி கோத்த மாதிரி ஒட்டிக்கொண்டு உளி வைத்தாலும் வராமல் அடம்பிடித்தால் வேகம் அதிகம். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருக்கிறது, மெஷினோடு வந்த புத்தகத்து அட்டவணையில் ஆரம்பித்து, கழிவுத் தகட்டில் ஒரு 'ம' வெட்டிப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

பெயிண்ட் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஹெச்.ஆர். (சூட்டில் உருட்டிய) தகட்டின் மேல் நீலக் கறுப்பாக ஒரு தோல் இருக்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் முதல் வருஷம் ஜோராக இருக்கும், அப்புறம் அந்தத் தோல் உரியும்போது பெயிண்டும் சேர்ந்து உரியும். தோல் போகும்வரை கிரைண்டரில் ஃப்ளாப் டிஸ்க் போட்டுத் தேய்க்கணும், அல்லது சாண்ட் பிளாஸ்டிங் செய்யணும். வெட்டிய ஓரங்களிலும் அதே மாதிரி ஒரு படலம் இருக்கிறது, அதையும் தேய்த்து, கூர்முனையைக் கொஞ்சம் மழுக்கணும். கூரான ஓரத்தில் பெயிண்ட் நிற்காது, துரு அங்கிருந்துதான் ஊர்ந்து வரும். தின்னர் போட்டுத் துடைத்து, அன்றைக்கே பிரைமர். சேலத்தில் என்றால் ரெட் ஆக்சைடு, மேலே எனாமல், நாலைந்து வருஷம் கவலையில்லை. ஏற்காட்டுக்குப் போகும் பலகைக்கு அது போதாது. சுமார் 1,500 மீட்டர் உயரம், மழை இல்லாத நாளிலும் பனி வந்து தகட்டில் முத்து முத்தாக உட்கார்ந்து வழியும். அங்கே ஜிங்க் பிரைமர் போட்டு அதன் மேல் பவுடர் கோட்டிங், அல்லது காசிருந்தால் 304 எஸ்.எஸ். தகடே. எஸ்.எஸ். தகட்டைக் காற்றுப் பிளாஸ்மாவில் வெட்டினால் ஓரம் கறுத்துத்தான் வரும், அதைத் தேய்த்து எடுக்காமல் விட்டால் அந்தக் கறுப்பிலிருந்து பழுப்புக் கறை இறங்கும். எவர்சில்வர் துருப்பிடிக்குமா என்று சண்டைக்கு வருவதற்கு முன் ஓரத்தைப் பாருங்கள்.

பலகை இல்லாமல் பார்ட்ஸ் வெட்டக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளாஸ்மா ஓட்டை மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று லேசாகக் கூம்பியிருக்கும். தகட்டின் கனத்தைப் போல இரண்டு மடங்கு விட்டமாவது இருந்தால் ஓட்டை சுமாராக உருண்டையாக வரும். 10 எம்.எம். பேஸ் பிளேட்டில் எம்12 போல்ட்டுக்கு ஓட்டை வேண்டுமென்றால் பிளாஸ்மாவில் சென்டர் குறி மட்டும் போட்டு வாங்கி, டிரில்லில் துளையுங்கள். காற்றுப் பிளாஸ்மாவில் வெட்டிய ஓரம் நைட்ரஜன் ஏறி இறுகியிருக்கும், மரை போட டேப் விட்டால் டேப் உடையும்; வெல்டு வைக்கும் ஓரமென்றால் தேய்க்காமல் வைத்தால் வெல்டுக்குள் பொத்தல் பொத்தலாகக் காற்று அடைக்கும்.

விலை கேட்கும்போது 'ஒரு போர்டு எவ்வளவு' என்று கேட்காதீர்கள். தகட்டின் எடை, வெட்டும் நீளம் எத்தனை மீட்டர், எத்தனை முறை துளைக்கணும், தேய்ப்பும் பெயிண்ட்டும் அதில் சேர்த்தியா, இந்த நாலையும் தனித்தனியாகக் கேளுங்கள். அடுத்த முறை பெயரில் இரண்டு எழுத்து கூடும்போது விலை ஏன் கூடுகிறது என்பதும் உங்களுக்கே புரியும்.

மாட்டும்போது பலகையைச் சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள். பின்னால் 15 எம்.எம். இடைவெளி வரும்படி ஒரு துண்டுக் குழாய் வைத்து, எஸ்.எஸ். ஸ்க்ரூவும் அதற்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு நைலான் வாஷரும் போட்டு இறுக்குங்கள். தண்ணீர் வடியும், காற்று போகும், வெயிலில் எழுத்தின் நிழலும் சுவரில் விழும். பிரிண்ட் எடுத்த காகிதத்தைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் அல்லவா, அதைச் சுவரில் ஒட்டி, ரசமட்டம் பார்த்து, ஓட்டைகளை அதன் மேலேயே டிரில் போட்டுவிடுங்கள். தூசியெல்லாம் துடைத்த பிறகு பலகையை எடுத்து வந்தால் போதும். பாட்டி வீட்டுக்கு இரண்டாவது முறை வெட்டிய பலகையை நான் அவசரத்தில் முதலிலேயே சுவரில் பிடித்துக்கொண்டு துளைத்தேன், செங்கல் தூள் ஈரப் பனியில் குழைந்து புது வெள்ளைப் பெயிண்ட் மேல் ஓடியது. துணி எடுத்து வந்து துடைத்தது பாட்டிதான். துடைத்துக்கொண்டே நாலு புள்ளியையும் ஒரு தரம் எண்ணிப் பார்த்துக்கொண்டார்.